அடிக்கோட்டைத் தொட்ட மூன்று பேர்

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நான் ஒரு புகார் எழுதினேன். இப்போது அதைப் படித்தால் காது சூடாகிறது. ஆனாலும் நடந்ததெல்லாம் அதில்தான் தொடங்கியது என்பதால் மறைக்காமல் தருகிறேன்.

"அவசரம்! அவசரம்! அவசரம்! உங்கள் புதிய பதிப்பு என் பக்கத்தை உடைத்துவிட்டது. _படக் எங்கே? நேற்றுவரை இருந்ததை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? நாளை மறுநாள் நூற்று முப்பது ஜோடி எருமைகள் ஓடப்போகின்றன. உடனே திருப்பி வையுங்கள்."

பன்னிரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"பெயருக்கு முன்னால் அடிக்கோடு. தொடக்கூடாது. மூடுகிறேன்."

அவ்வளவுதான். என் புகாருக்குப் பக்கத்தில் 'மூடப்பட்டது' என்று ஒரு ஊதாப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டி மேஜைவரை வந்தது. எதிர் நாற்காலியில் இருந்த சுஹான் தன் டீ கிளாஸை எடுத்துப் பத்திரமாகத் தள்ளி வைத்துக்கொண்டான்.

என் பெயர் நிஷ்மிதா. பெங்களூரில் ஆறு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் பொத்தான்களுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய் மங்களூருக்கே திரும்பி, சுஹானோடு சேர்ந்து, துறைமுகப் பேட்டையான பந்தரில் மீன் வலைக் கடைக்கு மாடியில் இரண்டு நாற்காலி போட்டு ஒரு கம்பெனி தொடங்கினேன். போனில் நீங்கள் தொடுகிற பொத்தான், ஓடுகிற எண், பச்சையாகிற கட்டம் எல்லாம் என் வேலை. அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதெல்லாம் சுஹானின் வேலை. எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை, சேற்றுத் தடத்தில் எருமை ஜோடிகள் ஓடுகிற பெர்மபைல் கம்பளாப் பந்தயத்தின் நேரம் காட்டும் பக்கம்.

போன வருஷம் அதை வேறு யாரோ செய்திருந்தார்கள். எருமை ஜோடி கோட்டைத் தாண்டிய பிறகும் திரையில் எண் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தோற்ற கூட்டம் அதைப் பார்த்துவிட்டது. நாற்காலிகள் பறந்தன. இந்த வருஷம் கமிட்டித் தலைவர் வஜ்ரகுமார பல்லாள் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"எருமை கோட்டைத் தாண்டினதும் நம்பர் நிக்கணும். அப்புறமா இல்லை, அப்பவே. நிக்கலேன்னா உன் கம்ப்யூட்டரைச் சேத்துல நட்டுட்டு நேரத்தை நானே மைக்ல கத்திக்கறேன்."

சரியாக நின்றால் சீசனில் இருக்கிற மற்ற கமிட்டிகளுக்கும் எங்களைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். நிற்காவிட்டால், கடற்கரை சின்ன ஊர், எங்களுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். போதாததற்கு, என் பெங்களூர்ப் பெட்டியை அம்மா இன்னும் காலிசெய்யாமல் பீரோவுக்கு மேலே வைத்திருந்தாள். "எப்படியும் திரும்பப் போவே, எதுக்கு இறக்கி ஏத்தணும்" என்பது அவள் கட்சி.

அந்த எண்ணை ஓட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்டது 'சரசரா' என்ற லைப்ரரி. யாரோ ஒருவர் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற நிரலை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்துவிடுவார். நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொள்வோம். நன்றி சொல்கிறவர்கள் குறைவு. சரசராவில் எண்கள் பம்பரம் மாதிரி அழகாகச் சுழலும். நிறுத்துவதற்கு 'நில்லு' என்று ஒரு கட்டளை. அந்தப் பெயரைப் பார்த்ததுமே இது நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. எழுதியவர் லான்சி மினேஜஸ், ஊர் கின்னிகோளி என்று போட்டிருந்தது. அபிமானத்தில் அதையே எடுத்தேன்.

நில்லு என்றால் எண் நிற்கும், ஆனால் அரை விநாடி எடுத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் போய், பின்னால் வந்து, பஸ் ஸ்டாண்டில் பஸ் ஒதுங்குகிற மாதிரி நிற்கும். பல்லாளிடம் அந்த அரை விநாடி எடுபடாது. நான் சரசராவின் உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கே இருந்தது _படக். கூப்பிட்டால் எண் படக்கென்று நின்றது. பெயருக்கு முன்னால் அடிக்கோடு இருந்தால் அது வீட்டுக்குள் இருக்கிற சாமான், வெளியாள் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். பூட்டு கிடையாது. கோடு மட்டும்தான். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தொடுவோம்.

வியாழக்கிழமை புதிய பதிப்பு வந்தது. லான்சி வீட்டுக்குள் ஒட்டடை அடித்திருந்தார். _படக்கைக் காணோம். என் பக்கம் வெள்ளையாய் நின்றது.

"பழைய பதிப்புக்கே போயிடேன்" என்றான் சுஹான்.

"அது போன வாரம் வந்த புது பிரவுசர்ல நடுங்குது. அதைச் சரிபண்ணத்தான் இவர் புதுசே போட்டிருக்கார்."

"அப்ப மொத்த லைப்ரரியையும் காப்பி எடுத்து நாமளே மாத்தி வச்சுக்கலாம்."

"எருமை வாங்கின மாதிரி ஆயிடும் மாராயா. தினமும் நீ குளிப்பாட்டுவியா?"

சுஹான் குளிப்பாட்ட மாட்டான். (எங்கள் ஊரில் சலித்துக்கொண்டால் ஆணை மாராயா என்போம், பெண்ணை மாராய்தி என்போம்.) வெள்ளிக்கிழமை மத்தியானம் களத்தில் ஒத்திகை ஓட்டம். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே கின்னிகோளிக்குப் போனேன்.

விசாரித்துக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பலாமரத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. அரைக்கால் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, நாற்பது வயசு ஆள் ஒருவர் கதவைத் திறந்தார். நான் மனசில் ஒரு ராட்சசனை வரைந்து வைத்திருந்தேன். இவர் கையில் பாத்திரம் தேய்க்கிற நார் இருந்தது.

"லான்சி சாருங்களா?"

"ஆமா. நீங்க?"

"நான்தான் அவசரம்."

அவர் கண்ணாடியை ஏற்றி என்னைப் பார்த்தார். "மூணு அவசரமா?"

"மூணும் நான்தான்."

"ஸெலின்!" என்று உள்ளே திரும்பிக் கத்தினார். "எருமைக்காரங்க வந்திருக்காங்க, டீ போடு!"

அவருடைய வேலை ஒரு கப்பல் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே கணினி வேலை பார்ப்பது. சரசரா அவர் மிச்ச நேரத்தில் வளர்த்தது, ஏழு வருஷமாக. தின்பண்டத் தட்டு வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"பதினோராயிரம் பக்கத்துல இது ஓடுது, தெரியுமா? போலந்துல ஒரு பல் டாக்டர் டோக்கன் நம்பர் காட்ட வச்சிருக்கார். எங்கயோ ஒரு தபால் ஆபீஸ்ல இருக்கு. நான் உன் ஒரு எருமைக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?"

"ரெண்டு எருமை. ஜோடி."

"சரி, ரெண்டு. வீட்டுக்கு வந்தவங்க ஹால்ல உக்காரலாம், டீ குடிக்கலாம். பெட்ரூம் பீரோவைத் திறந்து பார்த்துட்டு, ஏன் அதை நகர்த்தினேன்னு சண்டை போடலாமா?"

"ஹால்ல உக்கார ஒரு நாற்காலி போட்டிருந்தா நான் ஏன் பெட்ரூமுக்கு வர்றேன்?"

"நில்லு இருக்கே! அந்த அரை விநாடிக்கு நான் மூணு மாசம் உழைச்சிருக்கேன். நம்பர் எப்படி வந்து உக்காருது பார்த்தியா? பூ மாதிரி!"

"கம்பளாவுல பூ யார் கேட்டா? நீங்க எங்களை மாதிரி ஆளுங்களை மனுஷங்களா நினைக்கறதே இல்லை. உள்ள இருக்கறதை அழகா அடுக்கி வச்சா போதும். வெளிய ஒருத்தி நாளைக்குச் சேத்துல நிக்கப்போறாளே, அந்தக் கவலை கிடையாது."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நாளைக்கு மட்டும்தான் கண்ணுல தெரியும். நாளன்னைக்கு உங்க பக்கம் செத்துடும். என்னுது பத்து வருஷம் நிக்கணும். அந்த படக் சரியான சாமானும் இல்லை மாராய்தி, சில போன்ல கடைசி இலக்கத்தை மாத்தாமப் பழசையே காட்டிடும். அதனாலதான் அடிக்கோடு போட்டு வச்சேன், அதனாலதான் கலைச்சேன்."

இது எனக்குத் தெரியாது. ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, ஒழுங்கான படக் ஒண்ணு செஞ்சு வெளிய வைங்க."

"அதுக்கு ஒரு விதி இருக்கு. மூணு பேர் கேக்கணும். ஒருத்தர் கேட்டா அது அவங்க சொந்த ஆசை. கேக்கறவங்களுக்கெல்லாம் ஒரு கதவு வச்சா வீட்டுல சுவரே இருக்காது. வேற வேற மூணு பேர், வேற வேற ஊர்ல இருந்து, ஒரே சாமான் வேணும்னு கேட்டாத்தான் வைப்பேன். ஏழு வருஷமா அப்படித்தான். நீ ஒருத்தி."

அவர் மனைவி ஸெலின், வாழைப்பழ பன்ஸும் டீயும் கொண்டுவந்து வைத்தார். "இவர் ஏழு வருஷமா இதோட குடித்தனம் பண்றார். இதை ஒருத்தர் உபயோகிச்சு ஒரு நாளாவது நேர்ல பார்த்திருக்காரான்னு கேளுங்க."

லான்சி பன்ஸைப் பிய்த்தார். "பல் டாக்டர் ஒரு தடவை போட்டோ அனுப்பினார்."

"பல்லு போட்டோ" என்றார் ஸெலின்.

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. "மத்தியானம் ஒத்திகைக்கு வாங்க. என் நாற்காலியில ஒரு மணி நேரம் நீங்க உக்காருங்க. உங்க பூ மாதிரி நில்லுவையே போட்டுக் காட்டுங்க. பல்லாள் சரின்னு சொல்லிட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"வர்றேன். ஆனா அந்த ஒரு மணி நேரம் என் நாற்காலியில நீ உக்காரு." அவர் தன் போனை என் பக்கம் தள்ளினார். "அறுபத்து மூணு பேர் எழுதிக் காத்திருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லு. மரியாதையா."

"உங்களை மாதிரியா?"

ஸெலின் சிரித்த சிரிப்பில் டீ கொஞ்சம் சிந்தியது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெர்மபைலில் இருந்தோம். இரண்டு தடத்திலும் தண்ணீர் கட்டிச் சேறு கலக்கியிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பெரிய திரை, அதற்குப் பின்னால் என் மேஜை. சுஹான் கோட்டுக்குப் பக்கத்தில், எருமை தாண்டுவதை உணர்கிற கதிர்க் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பல்லாள் வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக வரப்பில் நின்றார். லான்சி என் நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களை நெட்டி முறித்துவிட்டு, வேலையைத் தொடங்கினார். நான் அவர் போனோடு ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தேன்.

முதல் கடிதம், ஒரு மாணவர், எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது என்று கேட்டிருந்தார். அவர் கழித்தல் குறி போட்டிருந்தார். அன்பாக எட்டு வரி எழுதினேன். இரண்டாவது ஆள், எண்களுக்குப் பதிலாகத் தன் நாயின் படம் சுழல வேண்டும் என்றார். ஐந்து வரி. மூன்றாவது ஆள், எதுவுமே வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார். எது என்று சொல்லவில்லை. நான்காவது ஆள், இது என்ன குப்பை, இதற்கு நான் பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன் என்றார். அவர் கொடுத்திருக்கவில்லை. பத்தாவது கடிதத்தில் என் பதில்கள் இரண்டு வரியாயின. பதினெட்டில் ஒரு வரி. யாருக்கும் முகம் இல்லை. எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். ஒருவருக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள்.

இருபத்து மூன்றாவது கடிதம் 'அவசரம்!' என்று தொடங்கியது. உருகுவேயில் இருந்து மகாலி என்று ஒருத்தி. _படக் காணவில்லை என்ற வரை படித்தேன். கை தானாக ஓடியது.

"பெயருக்கு முன்னால் அடிக்கோடு. தொடக்கூடாது. மூடுகிறேன்."

அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டேன். சத்தியமாக எதுவும் உறைக்கவில்லை.

அப்போது முதல் ஜோடி புறப்பட்டது. சேற்று நீர் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. பின்னால் ஓடுகிறவன் கத்திக்கொண்டே வந்தான். எருமைகள் கோட்டைத் தாண்டின. திரையில் எண் பன்னிரண்டைத் தாண்டி, பன்னிரண்டரை வரை போய், நிதானமாகப் பின்னால் வந்து, பன்னிரண்டு புள்ளி சைபர் நாலில் பூ மாதிரி உட்கார்ந்தது.

பந்தலில் ஒரே கூச்சல். எருமைக்காரர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏய், எருமை நின்னாச்சு, இது ஏன் ஓடுது?"

"கடைசி நம்பர் சரிதான் சார்" என்றார் லான்சி எழுந்து நின்று. "கொஞ்சம் முன்னால போயிட்டு, மெல்ல திரும்பி வந்து உக்காருது. பார்க்க அழகா இருக்கட்டும்னு..."

"திரும்பி வர்றதுக்கு அது என்ன ஆட்டோவா?" என்றார் பல்லாள். "என் ஜோடி உக்காரலியே, நம்பர் மட்டும் ஏன் உக்காருது? பன்னிரண்டரைன்னு நான் கண்ணால பார்த்தேன். அரை விநாடியைத் திருடினது யாருன்னு நாளைக்குக் கேப்பாங்க. நான் என்ன சொல்ல, பூன்னா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. லான்சி சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். மூன்று மாச உழைப்பு அது. எனக்கு உள்ளுக்குள் 'நல்லா வேணும்' என்று தோன்றியது என்னவோ உண்மை. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

"அஞ்சு நிமிஷத்துல அடுத்த ஜோடி" என்று பல்லாள் கை காட்டினார். "அதுக்குள்ள நிக்க வைங்க. இல்லேன்னா மைக்கை எடுத்துட்டு வரச் சொல்லிடுவேன்."

லான்சி குனிந்தார். விசைப்பலகையில் மழை பெய்கிற சத்தம். நான் போனில் இருபத்தேழாவது ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஜோடி வந்தது, கோட்டைத் தாண்டியது, எண் பதினொன்று புள்ளி ஒன்பது ஒன்றில் படக்கென்று நின்றது. யாரோ விசில் அடித்தார்கள். பல்லாள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

நான் வைக்கோலில் இருந்து குதித்து மேஜைக்கு ஓடினேன். லான்சி சட்டென்று கணினித் திரையின் மேல் கையை வைத்தார். கை சின்னது, திரை பெரியது. அவர் விரல்களுக்கு இடையில் அது தெரிந்தது: _திடும். முன்னால் அடிக்கோடு.

"சார்!"

"கத்தாதே மாராய்தி."

"பேரை மாத்தி உள்ள ஒளிச்சு வச்சிருந்தீங்க! அடிக்கோடு! தொட்டுட்டீங்க!"

"ஒரு நாளைக்குத்தானே. அந்த ஆள் மைக் எடுக்கப் போயிட்டான். நான் வேற என்ன பண்ண?"

"அதைத்தான் நானும் நேத்து எழுதினேன்."

அவர் அசடு வழிந்தார். காது நுனி வரை சிவந்தது. பிறகு பேச்சை மாற்றுகிற ஆசையில், "நீ என்ன கிழிச்சே, பார்ப்போம்" என்று என் கையில் இருந்த போனைப் பிடுங்கினார். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் பரம சந்தோஷம்.

"இந்த மகாலி எழுதினதைக் கடைசி வரைக்கும் படிச்சியா?"

"படிச்... பாதி."

அவர் உரக்கப் படித்தார். "அவசரம்! _படக் காணவில்லை. அதைத் தொடக்கூடாது என்று தெரியும், மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் போட்டி. கை சுவரைத் தொட்டதும் எண் நிற்காவிட்டால் அப்பாக்கள் சண்டைக்கு வருகிறார்கள். சரியான ஒரு வழியை வெளியே வைத்தால் பெரிய உதவி. எழுத்தில், சோதனையில் நானும் கை கொடுக்கிறேன்." போனைத் திருப்பி என் கையில் வைத்தார். "உன் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சி. அதையும் நீயே மூடிட்டே!"

எனக்குச் சேற்றில் இறங்கி நின்றுகொள்ளலாம் போலிருந்தது. என் வலியை அப்படியே இன்னொருத்தி எழுதியிருக்கிறாள். அதுவும் என்னைவிட நூறு மடங்கு மரியாதையாக. நான் அவளுக்கு ஊதாப் புள்ளி குத்தி அனுப்பியிருக்கிறேன். நாற்பது நிமிஷம்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஏழு வருஷம்.

"தப்புதான்" என்றேன். "திரும்பத் திறந்திடறேன். ரெண்டு பேர் ஆச்சு."

"ரெண்டுதான். மூணு வேணும்."

நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் விரல்களுக்கு இடையில் இன்னும் தெரிந்துகொண்டிருந்த அடிக்கோட்டைப் பார்த்தேன்.

"மூணாவது ஆள் இங்கதான் உக்காந்திருக்கார்."

"நான் எழுதினவன். கணக்குல வரமாட்டேன்."

"எழுதினவர் பின்னிகோளி வீட்டுலயோ எங்கயோ இருக்கார். இங்க இருக்கறவர் பக்கம் செய்யறவர். பல்லாள்கிட்டத் திட்டு வாங்கினவர். வேற வழி தெரியாம அடிக்கோட்டைத் தொட்டவர். உருகுவே ஒண்ணு, மங்களூர் ஒண்ணு, கின்னிகோளி ஒண்ணு. வேற வேற ஊர்!"

"பின்னிகோளின்னு எந்த ஊரும் இல்லை."

"கோபத்துல வாய் குழறுது. எழுதுங்க புகாரை!"

பல்லாள் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். லான்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், என் கணினியில் தன் லைப்ரரியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தார். ஒற்றை விரலால் தட்டினார். அரை நிமிஷத்தில் என் கையில் இருந்த அவர் போன் அதிர்ந்தது.

"அவசரம். எண்ணை உடனே நிறுத்த ஒழுங்கான வழி வெளியே இல்லை. உள்ளே கை வைத்துத்தான் நிறுத்தினேன். வெட்கமாக இருக்கிறது. நாளைக்குப் பந்தயம்."

'அவசரம்' என்பதைப் படித்து நான் சிரிக்கவில்லை என்றால் பொய். ஆனால் பதில் எழுத வேண்டியது நான்தானே, அவர் நாற்காலி இன்னும் என்னுடையது. எழுதினேன்.

"மூன்று பேர் ஆச்சு. திறக்கிறேன்."

அவர் அதைப் படித்துவிட்டு, "இப்படிக்கூடப் பதில் சொல்லலாம் போல" என்றார்.

பிறகு வேலைதான். அந்தச் சாமானை அடிக்கோடு இல்லாமல் வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டுமென்றால் அதன் பழைய கோளாறு போக வேண்டும். கடைசி இலக்கம் சில போனில் பழசையே காட்டும் என்றாரே, அது எந்த போன் என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ பின்லாந்தில் இருந்து ஒருமுறை எழுதியிருந்தார்கள், அவர் கண்ணால் பார்த்ததில்லை. இது என் துறை. பந்தலில் இருந்த அத்தனை பேரிடமும் போனைக் கேட்டு வாங்கினேன். எருமை குளிப்பாட்டுகிறவர்கள், சோடாக் கடைக்காரர், மைக் செட்காரர், மொத்தம் பதினேழு போன். மேஜையில் வரிசையாகப் பரப்பி வெயிலில் வைத்தேன். சுஹான் கையைக் குறுக்கே நீட்டிக் கருவியின் கதிரை வெட்ட, பதினேழிலும் எண் நின்றது. பதினாறில் ஒரே எண். பல்லாளின் டிரைவருடைய, கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனில் மட்டும் கடைசி இலக்கம் ஒன்று குறைவு.

"இதோ!" என்று லான்சி கத்தினார். "இதுதான்! இதுதான் அது!" நாலு வருஷமாகக் கேள்விப்பட்டு மட்டும் இருந்த சொந்தக்காரரை நேரில் பார்த்த மாதிரி அந்த போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவர் பயந்துபோய், "உடைச்சிடாதீங்க அண்ணா" என்றார்.

இருட்டுவதற்குள் சரியாகிவிட்டது. அவர் உள்ளே எழுதினார், நான் வெளியே பார்த்துச் சொன்னேன். விளக்கக் குறிப்பை நான் எழுதினேன், அவர் அடித்துத் திருத்தினார், அவர் திருத்தியதை நான் அடித்தேன். "பூ மாதிரி நிற்க: நில்லு. எருமை மாதிரி நிற்க: படக்" என்று நான் எழுதிய வரியை மட்டும் அவர் விட்டுவிட்டார். மகாலியின் கடிதத்தைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, இந்தத் தடவை பன்னிரண்டு வரி எழுதினேன். புதிய பதிப்பு வெளியே போன கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து பதில். எடுத்துக்கொண்டேன், பக்கத்தில் பொருத்தியாகிவிட்டது, இனி குழந்தைகள் நீந்த வேண்டியதுதான் பாக்கி என்று.

சனிக்கிழமை களம் நிரம்பி வழிந்தது. லான்சி ஸெலினோடு காலையிலேயே வந்துவிட்டார், இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. முதல் ஜோடி பதினொன்று புள்ளி எட்டு ஏழு. எருமை தாண்டியது, எண் நின்றது. இரண்டாவது, மூன்றாவது, நாற்பதாவது. பல்லாள் ஒரு தடவை மேஜைப் பக்கம் வந்தார். மைக் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு கமிட்டிக்காரர் கூப்பிடுவார், போனை எடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அம்மாவுக்கு போன் பண்ணி, பெட்டியை இறக்கிவிடலாம் என்றேன். கொஞ்சம் அழுகை வந்தது. சேறு தெறித்ததாகச் சுஹானிடம் சொன்னேன்.

லான்சி மேஜைப் பக்கம் இல்லை. தேடினால், கூட்டத்துக்குள் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எருமைகளை அவர் பார்க்கவே இல்லை. எல்லாரும் தடத்தைப் பார்க்க, அவர் மட்டும் பின்பக்கமாகத் திரும்பி, அவர்களுடைய முகங்களையும் கையில் இருந்த போன்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனபோது, தலையில் துண்டு கட்டிய ஒருவரிடம் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த நம்பர் நிக்குதே, படக்குனு... அது எப்படி இருக்கு?"

"எந்த நம்பர்?"

"அதோ, திரையில. எருமை தாண்டினதும் நிக்குதே."

"நம்பரை யார் மாராயா பார்த்தா?" என்றார் அவர், கண்ணைத் தடத்தில் இருந்து எடுக்காமல். "எருமையைப் பாரு!"

லான்சி என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாக இருந்தது. "ஏழு வருஷம். ஒருத்தர்கூடப் பார்க்கலை."

"போன வருஷம் எல்லாரும் பார்த்தாங்க சார்" என்றேன். "நாற்காலி பறந்துச்சு."

அவர் கொஞ்சம் யோசித்தார். உதட்டோரம் மெல்ல விரிந்தது. பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். துண்டுக்காரர் எங்களைப் பைத்தியங்கள் என்று முடிவுகட்டிக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அந்தச் சமயம் தடத்தின் அந்தக் கோடியில் அடுத்த ஜோடி புறப்பட்டது. கறுப்பு மினுமினுக்க, தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தது. லான்சி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். நானும் கத்தினேன். அவை எங்களைத் தாண்டி ஏற்றத்தில் ஏறி நின்று மூச்சு வாங்க, கூட்டம் ஓயும்வரை நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம்.

எண் நின்றதா என்று நான் பார்க்கவில்லை.